ஒரு தேரும் இரண்டு பஞ்சாங்கமும்

புதிய பொறுப்பாளர் வந்த கிழமையே எங்கள் ஊழியர் அறைக்கு ஒரு கூடை அப்பிள் வந்தது. கூடையில் ஒரு அட்டை செருகியிருந்தது: "நீங்கள் எங்களுக்கு முக்கியமானவர்கள்." நான் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். மாப்பிடித்த அப்பிள். முக்கியமானவர்களுக்குக் கொஞ்சம் பார்த்து வாங்கியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிட்டு மாடிக்கு வேலைக்குப் போனேன்.

நான் வேலை செய்வது முதியோர் இல்லமொன்றில். அதை நடத்துவது ஒரு யூதத் தொண்டு அமைப்பு. ஊன்ட்றொப் அம்மன் கோயிலிலிருந்து காரில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிற நகரம். அங்கே இருக்கும் முதியவர்களில் முக்கால்வாசிப் பேர் பழைய சோவியத் நாடுகளிலிருந்து வந்த யூதர்கள். ரஷ்ய மொழியில் சண்டை பிடிப்பார்கள், ரஷ்ய மொழியிலேயே சமாதானமாவார்கள். பாலுக்கு ஒரு சமையலறை, இறைச்சிக்கு ஒரு சமையலறை. வெளியில் சமைத்த சாப்பாடு உள்ளே வரக்கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதெல்லாம் தலைசுற்றும். விரத நாளுக்கு வேறு சட்டி, மச்சத்துக்கு வேறு சட்டி என்று இருந்த வீட்டிலே பிறந்த எனக்கு அது முதல் நாளே பழகிப்போயிற்று.

என்னோடு அந்த மாடியில் முறை மாறி வேலை செய்கிறவள் ஒடெஸாவிலிருந்து வந்த ஒரு யூதப் பெண். என் வயதுதான். அவளை நான் ஒடெஸாக்காரி என்பேன், அவள் என்னை யாழ்ப்பாணக்காரி என்பாள். இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். வேலையிடத்தில் நாங்கள் எல்லோரும் கதைப்பது டொச், அதாவது ஜேர்மன் மொழி. ஆனால் எனக்கு வேண்டியவர்கள் கதைக்கிற டொச் என் காதுக்குள் போகும்போதே தமிழாகிவிடும், அதுவும் எங்கள் ஊர்த் தமிழாக. அதனால் இதில் அவளும் எங்கள் ஒழுங்கைக்காரி மாதிரித்தான் கதைப்பாள். தெரிந்தால் சந்தோஷப்படுவாள்.

அந்தப் பொறுப்பாளரை அமைப்பு அனுப்பியதற்குக் காரணம், இல்லத்தில் ஆட்கள் நிற்காததுதான். மாரியில் வருவார்கள், வெயில் வரப் போய்விடுவார்கள். சம்பளம் மற்ற இடங்களில் உள்ளதுதான், முதியவர்களும் நல்ல மனிதர்கள்தான். ஏன் போகிறார்கள் என்று மேலே இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அந்த வருஷம் நானும் போக இருந்தேன்.

பிரச்சினை பெருநாட்களில் இருந்தது. முதியோர் இல்லத்துக்குப் பூட்டு இல்லை. யூதர்களின் பெருநாள் வந்தால் யூத ஊழியர்கள் வீட்டுக்குப் போவார்கள், கிறிஸ்தவர்கள் வேலை செய்வார்கள். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் கிறிஸ்தவர்கள் வீட்டுக்குப் போவார்கள், யூதர்கள் வேலை செய்வார்கள். கேட்க நல்ல ஏற்பாடு. ஆனால் நான் இரண்டு பக்கத்திலும் இல்லை. யூதப் பெருநாள் வந்தால், "உனக்கு இது இல்லைத்தானே, வருவியே?" என்பார்கள். நத்தார் வந்தால், "உனக்கு இதுவும் இல்லைத்தானே?" என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கு எது பெருநாள் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. நானும் வாய் திறந்து சொன்னதில்லை. அகதியாக வந்த நாட்டில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறதுதான் மரியாதை என்று பழகியிருந்தேன்.

எனக்கு வேண்டியது வருஷத்தில் ஒரு நாள்தான். ஊன்ட்றொப்புத் தேர். அதுவும் தேர் பார்க்க இல்லை. எனக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது.

சில வருஷத்துக்கு முன்னால் என் கணவர் வேலைத்தலத்தில் ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்பும் காலும் போயிற்று. இனி நடப்பது சந்தேகம் என்று ஒரு டொக்டர் சொன்ன அன்றைக்கு, ஆஸ்பத்திரிக் கார்ப் பார்க்கில் நின்றுகொண்டே அம்மனுக்கு நேர்ந்தேன்: இந்த மனிசன் எழும்பி நடந்தால் தேருக்குப் பின்னால் கற்பூரச்சட்டி எடுப்பேன் என்று. அவர் எழும்பினார். முதலில் தள்ளுவண்டி, பிறகு ஊன்றுகோல், பிறகு அதுவும் இல்லை. நான்தான் எடுக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் தேர் ஞாயிறு அன்றைக்குப் பார்த்தால் பிளானில் என் பெயர் இருக்கும். பிளான் என்பது எங்கள் வேலை நேர அட்டவணை. இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே சுவரில் தொங்கிவிடும், அதற்குப் பிறகு அதை அசைக்க ஏலாது.

என் கணவருக்கு இது பகிடி. "அம்மன் தன்ர பங்கைச் செய்து போட்டா. நான் நடக்கிறன். நீர்தான் இன்னும் நடக்கேல்லை," என்பார். நான் சிரிப்பேன். ஆனால் இரவில் அவர் கால் பிடித்து முனகினால் எனக்கு நெஞ்சு திடுக்கிடும். நேர்ந்ததைக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன், அம்மன் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது?

புதியவர் வந்த அந்த வருஷமும் தேர் அன்றைக்கு எனக்குப் பின்னேர வேலை. கோயில் வீதியிலிருந்து என் தங்கை வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் ஒரு ஐயாவுக்குப் பழக்கூழ் தீத்திக்கொண்டிருந்தேன். அவர் ஒருகாலத்தில் கப்பல் எஞ்சினியர். நாங்கள் கப்பல் ஐயா என்போம். "உன்ர முகம் ஏன் இண்டைக்கு இப்பிடிப் புளிச்சுக் கிடக்கு? பழத்தை மாறிச் சாப்பிட்டிட்டியோ?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொல்லிவிட்டேன்: "பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில வேலைக்குக் கூப்பிடுகினம். இன்னும் ஒரு வருஷம் பாக்கிறன். வாற தேருக்கும் விடாட்டி நான் அங்க போறன்." அவர் பகிடி விடவில்லை. "சரி," என்றார்.

அடுத்த நாள் திங்கட்கிழமைதான் பொறுப்பாளர் வைத்த பெரிய கூட்டம். அவருக்கு நாற்பது வயதிருக்கும். தலையில் சின்னக் குல்லா, காலில் ஓட்டச் சப்பாத்து. நடக்காமல் ஓடிக்கொண்டே இருப்பார். எல்லோருக்கும் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் கொடுத்தார். "இஞ்ச நீங்கள் சந்தோசமா வேலை செய்ய என்ன வேணும்? ஒரு சொல்லில எழுதுங்கோ. பேர் போட வேண்டாம்."

கட்டடம் பார்க்கிற ஹவுஸ்மைஸ்டர், பியர்வயிறு வைத்த ஒரு டொச்சுக்காரர், "பார்க்கிங்" என்று எழுதினார். எழுதும்போதே சத்தமாகச் சொல்லிக்கொண்டுதான் எழுதினார். யாரோ "கோப்பி" என்று எழுதினார்கள். ஒடெஸாக்காரி "ஆட்கள்" என்று எழுதி இரண்டு கோடு கீறினாள். எனக்கு முதல் நாள் கோபம் இன்னும் ஆறவில்லை. நான் "நேற்று" என்று எழுதி ஒட்டினேன்.

அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். "நேற்று" வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனார். கூட்டம் முடிந்து நான் துணிவண்டி தள்ளிக்கொண்டு போகும்போது பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

"நேற்று எண்டு எழுதினது நீங்கள்தானே?"

"பேர் போட வேண்டாம் எண்டு சொன்னீங்கள்."

"எல்லாரும் சிரிச்சவை. நீங்கள் ஒராள்தான் சிரிக்கேல்லை. நேற்று என்ன?"

சொன்னேன். துணிவண்டியின் ஓரத்தில் குந்திக்கொண்டு கேட்டார். தேர், கால்வாய்க்குப் பக்கத்துக் கோயில், ஆயிரக்கணக்கில் சனம், வீதியில் உடைபடும் தேங்காய், ஏணி, கார்ப் பார்க், கற்பூரச்சட்டி எல்லாம். முடிய ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் ஒருக்காலும் லீவு கேக்கேல்லை?"

"இஞ்ச ஆரும் ஏன் ஒருக்காலும் என்னட்டை உன்ர பெருநாள் எது எண்டு கேக்கேல்லை?"

வாய்தான் சொல்லிற்று, எனக்கே பயமாகப் போயிற்று. அவர், "அதுவும் சரிதான்," என்றார். பிறகு, "அந்த நாளை எப்பிடிக் குறிக்கிறியள்? ஒவ்வொரு வருஷமும் ஒரே திகதியோ?" என்று கேட்டார்.

"இல்லை. சந்திரன், நட்சத்திரம் பாத்துக் கோயில்ல குறிப்பினம்."

அவருடைய முகம் மலர்ந்துபோயிற்று. "சந்திரனோ? எங்களுக்கும் சந்திரன்தான்," என்றார். கைத்தொலைபேசியை எடுத்து எதையோ பார்த்துக் குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு கிழமையில் அப்பிள் கூடை நின்றது. ஊழியர் அறைச் சுவரில் ஒரு பெரிய நாட்காட்டி வந்தது. அதற்கு அவர் வைத்த சட்டம் சின்னது. ஒவ்வொருவரும் வருஷத்தில் தனக்கு விட ஏலாத ஒரு நாளைக் குறிக்கலாம். ஏன் என்று ஒருவரும் கேட்கக்கூடாது. அந்த நாளை இன்னொருவர் எடுத்துச் செய்வார், செய்தவருடைய நாளை வேறொருவர் செய்வார். பிளான் போட முதல் அந்த நாட்காட்டியைப் பார்த்துத்தான் போடவேண்டும்.

முதலில் ஒருவரும் கிட்டப் போகவில்லை. எல்லோரும் கோப்பியைக் குடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஹவுஸ்மைஸ்டர்தான் முதலில் எழும்பிப் போய் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமையில் பந்து ஒன்று கீறினார். அவருடைய கழகத்தின் கடைசி ஆட்டம். "அது உமக்குப் பெருநாளோ?" என்று ஒடெஸாக்காரி கேட்டாள். "ஏன் எண்டு கேக்கக்கூடாது," என்று அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அதோடு வெட்கம் போயிற்று. துருக்கிக்காரப் பிள்ளை நோன்புப் பெருநாளுக்குப் பிறை கீறினாள். போலந்துக்காரி ஒருத்தி கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி கீறினாள். ஒருவர் தன் நாய் பிறந்த நாளைக் குறித்தார்.

அந்த வருஷம்தான் எங்கள் இல்லம் எனக்குப் பிடிக்கத் தொடங்கிய வருஷம். நத்தாருக்கு முதல் நாள் போலந்துக்காரி வந்து, "நீ இந்த முறை வீட்டில நில்லு. உன்ர முறையை நான் செய்யிறன். எனக்கு நத்தாரை விடக் கல்லறைத் திருநாள்தான் பெரிசு," என்றாள். நத்தாருக்கு நான் என்ன செய்ய? வீட்டில் இருந்துகொண்டு தோசை சுட்டேன். ஆனால் அப்படிக் கேட்டதே எனக்கு இனித்தது. யூதர்களுடைய பெரிய நோன்பு நாளில் நான் வேலைக்கு வந்தபோது ஒருவரும் "உனக்கு இல்லைத்தானே" என்று சொல்லவில்லை. "எங்களுக்காக வாறாய், நன்றி" என்றார்கள். செய்த வேலை பழைய வேலைதான், அதே பழக்கூழ், அதே கரண்டி. எனக்குக் களைப்பு மட்டும் பாதியாகிவிட்டது. மாரியில் வந்தவர்கள் வெயில் வந்தபிறகும் நின்றார்கள். மேலிடத்திலிருந்து வந்த ஒரு பெண் இதெல்லாம் எப்படி நடந்தது என்று ஹவுஸ்மைஸ்டரைக் கேட்க, "பந்தால்," என்று அவர் சொன்னார்.

நான் மட்டும் நாட்காட்டியில் ஒன்றும் கீறவில்லை. கோயில் நோட்டீஸ் வரட்டும் என்று இருந்தேன். ஒருநாள் கீறப் போனபோது பொறுப்பாளர் கண்ணைச் சிமிட்டி, "உங்கட நாள் என்னட்டை இருக்கு. நீங்கள் யோசிக்க வேண்டாம்," என்றார். சந்தோஷத்தில் நானும் மேலே கேட்கவில்லை.

யூனுக்கும் யூலைக்கும் உரிய பிளான் தொங்கிய அன்றைக்கு நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். யூலை மாதத்து முதல் ஞாயிறில் என் பெயர் இல்லை. பக்கத்தில் தொங்கிய நாட்காட்டியில் அந்த நாளின் சதுரத்துக்குள் புதிதாகச் சிவப்புப் பேனையால் ஒரு படம். சில்லு நாலு, மேலே கூடாரம். ஐஸ்கிரீம் வண்டியாக்கும் என்று நினைத்தேன். கீழே என் பெயரின் முதல் எழுத்து இருந்தது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"தேர்," என்றார் பொறுப்பாளர், பெருமையோடு. "போன வருஷம் நீங்கள் சொன்ன அண்டைக்கே எங்கட கலண்டரில என்ன திகதி எண்டு குறிச்சு வைச்சனான். இந்த வருஷம் அதே திகதி யூலையில வருது. கிட்ட இருக்கிற ஞாயிறைப் போட்டிட்டன்."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. பாவி மனிசன், ஊன்ட்றொப் அம்மனுக்கு எபிரேயப் பஞ்சாங்கம் பார்த்து நாள் வைத்திருக்கிறார். சந்திரன் என்றால் ஒரே சந்திரன்தானே என்ற நல்ல எண்ணம். ஆனால் அவர்களுடைய பஞ்சாங்கத்தில் சில வருஷங்களுக்கு ஒரு மாதம் கூடுதலாக வரும். அந்த வருஷம் அப்படி வந்துவிட்டது. அதனால் அவர்களுடைய திகதிகள் எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. அம்மனுக்கு அந்தச் செய்தி போகவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"தேர் யூனில," என்றேன். என் கணவர் என் போனுக்கு அனுப்பியிருந்த கோயில் நோட்டீஸை எடுத்துக் காட்டினேன். "இந்த ஞாயிறு."

அவர் அந்த ஞாயிறைப் பிளானில் தேடினார். காலையிலிருந்து இரவு வரை நான்தான். ஏன் நான் என்றால், அன்று பொழுதுபட்டதும் அவர்களுடைய ஷாவுவோத் திருநாள் தொடங்குகிறது. அது அவர்களுக்கு வேதம் கிடைத்த நாள். அன்றைக்கு எல்லோரும் பால்சாப்பாடுதான் சாப்பிடுவார்கள், வீடெல்லாம் சீஸ்கேக் மணக்கும். அதற்கு ஆயத்தம் செய்ய யூத ஊழியர்கள் எல்லோருக்கும் ஞாயிறு லீவு. மாடியில் இதற்கென்று படித்துப் பத்திரம் எடுத்த பராமரிப்பாளர் ஒருவர் எந்த நேரமும் நிற்கவேண்டும். அது சட்டம். அப்படிப் பத்திரம் உள்ள மற்ற இரண்டு பேரும் ஊருக்குப் போக ரிக்கற் எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது நான், இல்லாவிட்டால் ஒடெஸாக்காரி.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில் வந்த அழுகை இல்லை. எனக்காக ஒருவர் ஒரு வருஷமாகத் தன் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், அப்படி இருந்தும் இது கைக்கு எட்டாமல் போகிறதே என்று வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லும் காலமும் கிட்டிவிட்டது.

ஒடெஸாக்காரி உடனே சொன்னாள்: "ஞாயிறு நான் செய்யிறன். நீ போ."

"நீ எப்பிடிச் செய்வாய்? இஞ்சத்தைப் பால் சமையலறையில நிண்டு முழு இல்லத்துக்கும் கேக் போடுறது நீ. பேரப்பிள்ளை வேற வருது."

"கேக்கைச் சனிக்கிழமை போடுவன்."

"சனிக்கிழமை உங்கட ஓய்வு நாள், நீ அடுப்புத் தொடமாட்டாய். எனக்குத் தெரியாதோ?"

"அப்ப வெள்ளிக்கிழமை போடுவன்."

"வெள்ளிக்கிழமை போட்ட கேக்கை ஞாயிறு தின்னுறதோ? வேண்டாம். உன்ர நாளைப் பிடுங்கிக்கொண்டு போய் அம்மனுக்கு நான் சட்டி எடுக்க ஏலாது. அம்மனும் ஏற்க மாட்டா."

"உன்ர அம்மனோட நான் கதைக்கிறன்."

"உனக்குத் தமிழ் தெரியாது."

எங்கள் சத்தம் படிக்கட்டு வரை போயிருக்கும். ஹவுஸ்மைஸ்டர் ஏணியோடு வாசலில் வந்து நின்றார். "முந்தி இந்த அறையில லீவு வேணும் எண்டு சண்டை பிடிச்சவை. இப்ப நீ எடு, நீ எடு எண்டு பிடிக்கினம். எனக்குப் பழைய சண்டைதான் விளங்கும்," என்றார்.

பொறுப்பாளர் என் போனிலிருந்த நோட்டீஸை இன்னொரு முறை பார்த்தார். குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்பப் போட்டார். "பிழை விட்டது நான். நானே செய்யிறன்," என்றார்.

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம். அவர் ஒருகாலத்தில் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். படித்த பத்திரமெல்லாம் இருந்தது. "ஆனா ஒரு சொல். அஞ்சு மணிக்கு நீங்கள் வந்திட வேணும். அதுக்குப் பிறகு நான் வீட்டை போய்க் குளிச்சு, பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு ஜெபத்துக்குப் போகோணும்." நான் ஓம் என்றேன். சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். எங்கள் தேர் எந்தக் காலத்தில் நேரத்துக்குச் சுற்றி முடித்து இருப்புக்கு வந்தது?

தேர் அன்றைக்கு நல்ல வெயில். தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருக்கும் அந்த வீதியில் பாரிஸ் கார், சூரிச் கார், லண்டன் கார் எல்லாம் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன. நான் மஞ்சள் சேலை கட்டி, தலை முழுகி, காலையிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்து விரதம் நின்றேன். தேர் வெளிக்கிடவே பிந்திவிட்டது. என் கணவர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றார். "பாராதேங்கோ. அம்மன் மணிக்கூடு கட்டுறேல்லை," என்றேன். சொன்னேனே தவிர நானும் பார்த்தேன்.

தேங்காய் மலைமலையாக உடைந்தது. வடம் இழுபட்டது. தங்கை என் கையில் வேப்பிலையை விரித்து, அதற்கு மேல் சட்டியை வைத்தாள். கற்பூரம் பற்றி எரியத் தொடங்கியதும் எனக்கு மணிக்கூடு மறந்துபோயிற்று. வெறுங்காலுக்குக் கீழே தார் சுட்டது. யாரோ முன்னுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு போனார்கள். என் பக்கத்தில் கணவர் நடந்தார். ஏணியிலிருந்து விழுந்த மனிசன், இடக்காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து, சட்டிக்குள் கற்பூரம் போட்டுக்கொண்டே நடந்தார். நான் அம்மனைப் பார்க்கவில்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டு போனேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு கற்பூரச்சட்டி எடுத்த ஒரே ஆள் அன்றைக்கு நானாகத்தான் இருக்கும். தங்கை, "அக்கா, சனம் பாக்குது," என்றாள். பார்க்கட்டும்.

தேர் இருப்புக்கு வருவதற்குள் நாலு மணியாகிவிட்டது. பூசை முடியும்வரை நிற்க நேரமில்லை. சட்டியை இறக்கி, விழுந்து கும்பிட்டு, வெளிக்கிட்டோம். ஒரு கடையில் மட்டும் நிறுத்தி ஒரு பெட்டி மாம்பழம் வாங்கினேன். வேறு சாமிக்குப் படைத்தது எதையும் அவர்கள் தங்கள் சமயப்படி சாப்பிடக்கூடாது, அது எனக்குத் தெரியும். கடையில் வாங்கிய பழத்துக்கு ஒரு சாமியும் குறுக்கே நிற்காது. பெருந்தெரு முழுக்க நெரிசல். என் கணவர் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். நான் போனில் "பிந்துது" என்று எழுதினேன். "ஓடாதேங்கோ. யூன் மாதத்துச் சூரியன் பத்து மணி மட்டும் நிக்கும்," என்று பொறுப்பாளர் பதில் போட்டார்.

நாங்கள் போய்ச் சேர ஐந்தரைக்கு மேலாகிவிட்டது. சேலையில் கரி, நெற்றியில் திருநீறு, காலில் செருப்பு மாட்டினதும் மாட்டாததுமாக மாடிக்கு ஏறினேன். பொறுப்பாளர் யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். வயிற்றுப் பொத்தான் பூட்டுப்படவில்லை. நெஞ்சில் சூப்பு, முழங்கையில் பழக்கூழ். ஓட்டச் சப்பாத்து இருந்தது, ஓட்டம் இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார். கப்பல் ஐயா தன் நாற்காலியில் இருந்தபடி எனக்கு அறிக்கை தந்தார்: "இவருக்கு ஒண்டும் தெரியாது. ஆனா சொன்னாச் செய்யிறார். வைச்சிருக்கலாம்."

"எப்பிடி இருந்தது?" என்று பொறுப்பாளரைக் கேட்டேன்.

"என்ர முதுகு போச்சு. நாளைக்கே தூக்கிற மெசின் ஒண்டுக்குச் சொல்லுறன். இவ்வளவு காலம் ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே சிரித்தார். "தெரியும், தெரியும். நான் கேக்கேல்லை."

ஊழியர் அறையில் ஒடெஸாக்காரி கையில் கார்த் திறப்போடு காத்துக்கொண்டிருந்தாள். எப்போதோ போயிருக்க வேண்டியவள். மேசையில் உயரமான, பொன்னிறமான சீஸ்கேக்குகள் வரிசையாக இருந்தன. அதற்குப் பக்கத்தில் ஒரு தட்டில் இன்னொன்று. நடுவில் பள்ளம் விழுந்து, ஓரம் வெடித்து, ரொட்டி மாதிரிச் சப்பையாகக் கிடந்தது.

"இதுக்கு மேல ஆர் ஏறி இருந்தது?" என்று கேட்டேன்.

"வாயை மூடு. அது உனக்கு. முட்டை போடேல்லை. சட்டி எடுக்கிற அண்டைக்கு முட்டை தொடமாட்டன் எண்டு போன வருஷம் சொன்னனீ. முட்டை இல்லாமல் அது எழும்பாதாம், என்னவோ செய்து பாத்தன், எழும்பேல்லை. காலமையில இருந்து ஒண்டும் தின்னாமல் நிக்கிறாய். தின்."

நான் நின்றபடியே ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தேன். புளிப்பும் இனிப்பும், கொஞ்சம் மா வேகாத பதம். கண்ணால் தண்ணீர் ஓடியது. அவளைக் கட்டிப்பிடித்தேன். அவளுடைய பெருநாள் சட்டையில் என் கரி ஒட்டிக்கொண்டது. "போச்சு, எல்லாம் போச்சு," என்று ஏசிக்கொண்டே அவளும் பிடித்தாள். மாம்பழப் பெட்டியை அவள் கையில் திணித்து, "கடையில வாங்கினது, படைச்சதில்லை," என்றேன். "தெரியும். நீ அதில பிழைவிட மாட்டாய்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

பொறுப்பாளர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நாட்காட்டிக்கு முன்னால் நின்றார். யூலையில் தான் கீறிய ஐஸ்கிரீம் வண்டிக்கு மேல் ஒரு கோடு போட்டார். அடுத்த வருஷத்துத் தாளைத் தூக்கிப் பேனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் எப்ப?"

"இப்ப எப்பிடித் தெரியும்? கோயில்ல நோட்டீஸ் வந்தாப் பிறகு சொல்லுறன். நீங்கள் உங்கட பஞ்சாங்கத்தைப் பாக்காதேங்கோ."

"பாக்கேல்லை. உங்களிட்டையே கேக்கிறன்."

"ஓம். மாசியில ஞாபகப்படுத்துங்கோ. மறந்தா நான் வந்து சொல்லுவன்."

அவர் தலையாட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். வாசலில் நின்ற என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். மெதுவாகத் தமிழில் கேட்டார்: "அடுத்த வருஷம் இஞ்ச நிண்டு சொல்லப்போறீர் எண்டால், ஆஸ்பத்திரிக்கு என்னவாம் சொல்லுறது?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று. வாய் நிறைய முட்டையில்லாத கேக். விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "வரேல்லை எண்டு நாளைக்கு நானே போன் அடிச்சுச் சொல்லுறன். நீங்கள் வீட்டை போய்க் காலை நீட்டிப் படுங்கோ."

கப்பல் ஐயா மணியை அடித்தார். அவருக்குப் பின்னேரப் பழக்கூழ் நேரம். நான் கை கழுவி, சேலைக்கு மேல் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.